குட்டி குடித்த தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருவில் யாரேனும் புதிதாக ஆழ்குழாய்க் கிணறு போட்டால், முதல் வாளித் தண்ணீர் என் வீட்டுக்கு வரும். நான் சோதித்துச் சொன்ன பிறகே குழாய் பதிப்பார்கள். குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காத விஷயம் எதுவானாலும், கடைசியில் என்னிடம் கேட்டு முடிவு செய்வது வழக்கமாக இருந்தது. நான் சொன்னதை யாரும் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டதில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் நான் சொன்ன ஒரு சொல்லே ஊர்ப் பேச்சாகிவிட்டதால், அதற்கு முன் என் சொல்லுக்கு இருந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

என் ஒரே மகளைச் சோமனூரில் விசைத்தறி நடத்தும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். முதல் ஆடிக்கு அவளை அழைத்துவந்தபோது கூடவே இரண்டு வெள்ளை முயல்குட்டிகளும் வந்தன. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தவை. தறிச் சத்தத்தில் அவை தீனி எடுக்கவில்லை என்று காரணம் சொன்னாள். ஆடி முடிந்தது. அவள் புறப்படவில்லை. ஆவணியும் போயிற்று.

பள்ளியில் வேலை பார்க்கலாம் என்று கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு அந்த வீட்டுப் பெரியவர்கள் கூடாது என்றபோது, அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவங்க பேசுனது பெருசில்லீங்கப்பா. இவரு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தாரு" என்றாள்.

ஐப்பசியில் தலைதீபாவளி. அதற்கு மாப்பிள்ளை வந்துவிட்டால் அவரோடு இவளும் புறப்பட்டுவிடுவாள் என்று நானும் என் மனைவியும் நம்பிக்கொண்டிருந்தோம். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் திரும்பிப் போகவில்லை என்ற பேச்சு எழுவதற்குள் அது நடந்தாக வேண்டும். எனக்கு அந்தக் கவலை இரவும் பகலும் இருந்தது.

அந்த வருஷம் மழை குறைவு. சிறுவாணித் தண்ணீர் எப்போதோ ஒரு நாள் வந்தது. அது குடிப்பதற்கும் சமையலுக்கும் போதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். முயல்களுக்கும் அதுவே. புரட்டாசி வாக்கில் கூண்டுக்கு அடியில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் போகிறது, தீவனத்தையும் தண்ணீரையும் கவனியுங்கள் என்றார்.

வெளிநாட்டில் வேலையிலிருந்த என் பழைய மாணவர் ஒருவர் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தார். என் மகள் அவரிடம் முயல் வளர்ப்பைப் பற்றிய கையேடு ஒன்று கேட்டிருந்தாள். அவர் கையேட்டோடு ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு புட்டியும் கொண்டுவந்துவிட்டார். குடிக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி அதைக் கலந்து வைக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. அதனால் என்னென்ன நன்மை என்று அதில் எழுதியிருந்தவற்றை நான் நம்பவில்லை. அவற்றுக்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. ஆனால் அந்த அளவில் கெடுதல் இல்லை என்று தெரியும். மேலும், வந்த நாளிலிருந்து சன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் அன்றுதான் எழுந்து ஒரு வேலையில் இறங்கினாள். ஆகவே சம்மதித்தேன். உலோகக் கிண்ணம் வேண்டாம் என்று சொல்லி, மண்சட்டி வாங்கிவந்தேன். கலந்த தண்ணீரை முயல்கள் முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. தாகத்தில் வாடக் கூடாதே என்று பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் வைக்கச் சொன்னேன். பிறகு இரண்டு சட்டியிலும் குடித்தன.

அடுத்த வீட்டுக்காரர் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தவர். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒரு காலையில் கேட்டார்.

"ஏனுங்க சார், மொசலுத் தண்ணியில என்னமோ ஊத்தறீங்களாட்ட இருக்குது?"

"அசிட்டிக் ஆசிட்" என்றேன்.

"ஆசிட்டுங்களா! ஏனுங்க, உசுரோடயே ஊறுகா போட்டுப்போடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"மிகவும் நீர்த்த ஆசிட். புளிப்பான எதிலும் ஆசிட் உண்டு. உங்கள் வீட்டு மோரிலும் இருக்கிறது."

"எங்கூட்டு மோர்லயா? அதான் இந்தம்மா ஊத்துன மோரக் குடிச்சா எனக்கு வவுறு கடமுடாங்குது!" என்று வீட்டுக்குள் கேட்கும்படி சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வினிகருன்னு சொல்லிப்போட்டா முடிஞ்சுதுல்லீங்க? ஓட்டல்ல நூடுல்ஸுக்கு ஊத்தறதுன்னா கொழந்தைக்குக்கூடத் தெரியும். அவருகிட்டப் போயி பாடம் நடத்திட்டு வர்றீங்க" என்றாள். பொருளின் பெயரைச் சொன்னேன், அதில் என்ன பிழை என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். அடுத்த வீட்டுக்காரரின் மனைவிக்கு அக்காள் ஒருவர் சோமனூரில், எங்கள் சம்பந்தி வீட்டுத் தெருவிலேயே வாழ்ந்தார். அக்காளும் தங்கையும் தொலைபேசியில் பேசும்போது இந்த அம்மாள் வேடிக்கையாகச் சொன்ன வாக்கியத்தை, பின்னால் நான் விசாரித்தபோது அப்படியே சொன்னார்: "புரபசர் ஊட்டுக் குட்டி ஆசிட் தண்ணி குடிக்குதுங்கக்கா."

முயலைத்தான் அவர் சொன்னார். ஆனால் என் மகள் பிறந்த நாள் முதல் எங்கள் தெருவுக்கே குட்டி. கல்யாண மண்டபத்திலும் அந்த அக்காள் உட்பட எல்லோரும் குட்டி என்றுதான் அழைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் முயலும் "குடிக்குது"; வீட்டுப் பெண்ணும் "குடிக்குது". இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை. கணவன் வீட்டுக்குப் போகாமல் இருக்கும் பெண், ஆசிட். கேட்டவர் மீதியைத் தாமே சேர்த்துக்கொண்டார். அந்தத் தெருவின் கோடியை அடைவதற்குள் "குடிக்குது" என்பது "குடிச்சுப்போட்டுது" ஆகிவிட்டது.

எங்களுக்கு அது அவிநாசியிலிருந்து திரும்பி வந்தது. என் மனைவிக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எடுத்த எடுப்பில், "மாப்ள, கொழந்தைக்கு இப்ப எப்புடி இருக்குதுங்க? எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்கறீங்க?" என்றார். எந்தக் குழந்தை என்றேன். அவர் தாழ்ந்த குரலில், "எங்ககிட்ட மறைக்கறதுல என்னங்க இருக்குது? கொழந்தை ஆசிட் குடிச்சுப்போட்டுதுன்னு சோமனூரு பூராத் தெரிஞ்சுபோச்சுங்களே" என்றார்.

அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி நான் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது மகள் கூடத்தில் நின்றிருந்தாள். அவளிடம் மறைக்க முடியவில்லை, சொன்னேன். உடனே சோமனூருக்குப் பேசுங்கள், அடுத்த பஸ்ஸில் நேரில் போய்விடுங்கள் என்று என் மனைவி பதறினாள். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். மகள் வாசலில் வந்து நின்றாள்.

"வேண்டாங்கப்பா. யாரும் பேச வேண்டாம். அவரும் கேள்விப்பட்டிருப்பாருல்ல?"

"பட்டிருப்பார்."

"அப்ப வரட்டுமுங்க."

சோமனூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மகள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு முன்னறையிலேயே இருந்தாள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தலை திரும்பும். தொலைபேசி மணி அடித்தால் நான்தான் எடுப்பேன்; நான் பேசும் முதல் சொல்லிலேயே அது அவரில்லை என்று தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் மனைவி பூசையறையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு அவமானம் ஒரு பக்கம். இவள் காத்திருப்பதைப் பார்க்க முடியாத வேதனை இன்னொரு பக்கம். அந்த நாட்களில் நான் சங்கக் கூட்டத்துக்கும் போகவில்லை.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு மாலையில் சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கும் ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பாக்கெட்டும் கையில் இருந்தன. என் மகளே கதவைத் திறந்து "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றதும், ரொட்டிப் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சம்பந்தி தடுமாறினார்.

காப்பி வந்தது. சம்பந்தியம்மாள் தம் டம்ளரைத் தொடவில்லை. "நீயும் குடி கண்ணு" என்று மருமகளை எதிரில் உட்காரவைத்து, அவள் வாயையும் தொண்டையையுமே பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு எறங்கறப்ப எரியறதில்லையே அம்மணி?"

என் மகளுக்குப் புரிந்துவிட்டது. கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பியை நிறுத்தாமல் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். "சம்பந்திங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்டுல ஆசிட்டே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. போதும். ஊர்ல நான் பார்த்துக்கறேன்."

இல்லாததைச் சொல்ல எனக்கு வராது. அவர்களைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். புட்டியைக் காட்டி, அதில் இருப்பது நீர்த்த அசிட்டிக் ஆசிட் என்றும், அது யாருக்கு, எந்த அளவில் கலக்கப்படுகிறது என்றும் விளக்கினேன். ஒரு முயல் மண்சட்டியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. சம்பந்தி மூடியைத் திறந்து முகர்ந்தார். "அட, புளிச்ச கஞ்சித் தண்ணியாட்டல்ல இருக்குது! இதுக்கா இந்தப் பாடு?" என்று சிரித்தார். சம்பந்தியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவியும் அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். தலைதீபாவளிக்கு மகனை அனுப்புவதாகவும், பண்டிகை கழிந்து இருவரும் சேர்ந்தே வந்துவிடட்டும் என்றும் சம்பந்தி அங்கேயே நின்று பேசி முடித்தார்.

அப்போதுதான் என் மகள் கேட்டாள். "அவருக்கு எப்ப தெரியுமுங்க மாமா?"

"அன்னிக்கே தெரியும் கண்ணு. தறியில பாவு ஏத்திட்டு இருந்தான். ஊர்ப் பேச்சு, நெசமா பொய்யான்னு தெரிஞ்சுட்டுப் போலாம்னான்."

"நெசமா இருந்திருந்தா?"

சம்பந்தி கையிலிருந்த புட்டியின் மூடியைத் திருகி மூடினார். சம்பந்தியம்மாள் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீபாவளிக்கு அவரு வர வேண்டாமுங்க" என்றாள் என் மகள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் புறப்பட்ட பிறகு நான் அவளோடு வெகுநேரம் பேசினேன். மாப்பிள்ளை கெட்டவரில்லை, வாய் பேசாதவர், அவ்வளவுதான் என்றேன். பெரியவர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள், மரியாதையாகப் போய்விடு என்றேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தாயா என்றும் கேட்டேன்.

"ஊரு நான் ஆசிட் குடிச்சுச் சாகக் கெடக்கறேன்னே சொல்லிப்போட்டுதுங்கப்பா. அதுக்கே அவரு வரலை" என்றாள்.

தீபாவளிக்கு மாப்பிள்ளை வரவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து நிற்பார் என்று அவள் ஒருவேளை எதிர்பார்த்திருக்கலாம். அன்று பகல் முழுவதும் புதுச்சேலையோடுதான் இருந்தாள். அடுத்த கல்வியாண்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

வினிகர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் பிரிந்திருக்காது என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். மகளை அனுப்ப மனமில்லாமல் தகப்பனே பிடித்து வைத்துக்கொண்டார் என்று சோமனூரில் சொன்னார்கள். இரண்டும் தவறு. தண்ணீரில் கலந்தது ஆசிட்தான். அதைக் குடித்தவை முயல்கள். என் மகளை நான் பிடித்து வைக்கவில்லை. போகச் சொன்னேன். அவள்தான் மறுத்தாள்.