மொன்ட்ரியாலில் ஒரு கிரேக்க நாடிக் கடிகாரம்

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து மொன்ட்ரியாலுக்குப் போனது ஒரு பானையைப் பார்க்கத்தான். "பானை பாக்க ஐந்நூற்று நாப்பது கிலோமீற்றர் ஓடுற ஆளை இப்பதான் காணுறன்" என்றார் மனைவி. பழைய கிரேக்க வைத்தியர்கள் நாடி பார்த்த முறை பற்றி அங்கே ஒரு மருத்துவ நூலகத்தில் கண்காட்சி. வருகிறவர்களே தண்ணீர் வடியும் பானைக் கடிகாரத்தை வைத்து நாடி எண்ணிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். நாடி என்றால் நம்முடைய சித்த வைத்தியம் மட்டும்தான் என்று நினைத்திருந்தவன் நான். ஆசை விடவில்லை.

காலை 5.30க்குத் தனியாகக் காரை எடுத்தேன். வழியில் இரண்டு நிறுத்தம். 11.40க்கு நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் கிறிஸ்ரி அண்ணை வீடு. மன்னார்க்காரர், கொழும்பில் ஒரே அறையில் இருந்த நாள்முதல் பழக்கம், இங்கே ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். காரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸிலும் மெற்றோவிலுமாக ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை நகரின் நடுவில் கார் நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை.

கண்காட்சி ஒரே அறைதான், அனுமதி இலவசம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரு கிரேக்க வைத்தியர், நோயாளியின் வயதுக்கு ஏற்ப அளவு மாற்றக்கூடிய சிறு தண்ணீர்க் கடிகாரத்தைக் கையோடு கொண்டு போவாராம். தண்ணீர் வடிந்து முடிவதற்குள் நாடி அந்த வயதுக்குரிய எண்ணிக்கையைத் தாண்டினால் காய்ச்சல். துடிப்புகளின் நீளத்தைச் செய்யுளின் அசைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். குறில் நெடில் படித்த நமக்கு அது சட்டென்று பிடிபடும். எறும்பு ஊர்வது போன்ற நாடி, மான் துள்ளுவது போன்ற நாடி என்று பெயர்களும் உண்டு. மான் நாடி ஒருமுறை தட்டி, அது முடியுமுன்பே இன்னொரு தட்டுத் தட்டுமாம்.

நாடி பார்க்கும் முறையை ஒரு இளம்பெண் பிரெஞ்சில் விளக்கினாள். அண்ணை வெளியே போனில் நின்றார். எனக்கு பொன்ஜூர், மெர்சிக்கு மேல் பிரெஞ்சு கிடையாது. ஆனாலும் எல்லாம் விளங்கின மாதிரித் தலையாட்டினேன். அகதி விசாரணை மேசையில் தொடங்கிய பழக்கம், இன்னும் போகவில்லை.

அண்ணை வந்ததும் அவர் கையைப் பிடித்து, மணிக்கட்டில் என் பெருவிரலை அழுத்தி, மற்றக் கையால் பானையின் துளையைத் திறக்கச் சொன்னேன். நாலைந்து துடிப்பு ஒழுங்கு. பிறகு இரண்டு அவசரத் துடிப்பு, ஒரு வெறுமை, மறுபடி ஓட்டம். மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் அப்படியே. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"அண்ணை, நாடி விட்டு விட்டு அடிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"சும்மா இரடா. டொக்டர் ஏதும் எழுதினா என்ர லைசென்ஸ் போயிடும். ஐம்பத்தெட்டு வயசில வேற ஆர் வேலை தருவான்? பேந்து பாப்பம்."

"பிள்ளையள் இருக்கிற பஸ், அண்ணை."

அவர் போனைப் பொக்கற்றில் போட்டார். என்னோடு வந்தார்.

அவசரப் பிரிவில் நான்கு மணித்தியாலம் காத்திருந்தோம். கடைசியில் நேர்ஸ் அவர் நெஞ்சில் வயர்களைப் பொருத்தி எடுத்த தாளை டொக்டர் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கியது. நேர்ஸ் அண்ணையிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"நீ எப்பிடிப் பாத்தனி எண்டு கேக்கிறா."

அண்ணையின் மணிக்கட்டில் பெருவிரலை வைத்துக் காட்டினேன். நேர்ஸ் சிரிக்கவில்லை.

"பெருவிரலுக்குத் தன்ர துடிப்பு இருக்காம். அதாலை பாக்கக்கூடாதாம்." நேர்ஸ் இன்னும் ஏதோ சொல்ல, அண்ணை என்னைப் பார்த்தார். "உன்ர கையைத் தரச்சொல்லுறா."

அரை மணியில் என் தாளும் வந்தது. கோடுகள் ஒழுங்கில்லாமல் ஓடின. இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகக்கூடிய வகை இதயத் துடிப்பாம். கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியதை தொப்பை போட்டதன் குற்றம் என்று இருந்தேன். "பேந்து ரொறன்ரோவில காட்டுறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அண்ணை அதை மொழிபெயர்க்காமல், "கார்ச் சாவியைத் தா" என்றார்.

போகிறவர்களுக்கு: அறையைச் சுற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். பிரெஞ்சு தெரியாவிட்டால் வாய் திறந்து ஆங்கிலத்தில் கேளுங்கள், தலையாட்டாதீர்கள். நாடியைப் பெருவிரலால் அல்ல, மற்ற விரல்களின் நுனியால் பாருங்கள். வெளிமாகாணத்தார் சுகாதார அட்டையை மறக்கவேண்டாம்.

இரத்தம் கட்டாதிருக்க மாத்திரை தந்து அன்றிரவே விட்டார்கள். ஞாயிறு காலை அண்ணைதான் என் காரை ஸ்காபரோவுக்கு ஓட்டினார். வழியில் கோர்ண்வோல் நகரைத் தாண்டியதும் கேட்டேன்.

"கோவமா அண்ணை?"

"கோவம்தான். அந்த நாலு மணித்தியாலத்தில நான் வீட்டை வித்து, மகளின்ர படிப்பை நிப்பாட்டி, எல்லாம் முடிச்சிட்டன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"அதை விடு. நேற்று இந்த ரோட்டில நீ தனிய வந்தனி. அதை நினைக்கத்தான் எனக்கு இப்ப நெஞ்சு படபடக்குது."