நாதா என்று கூப்பிட ஆகாத வாய்

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் திருவிழா நாடகம் என்றால் ராஜா, மந்திரி, பபூன் எல்லாம் உள்ளூர் ஆண்பிள்ளைகள்தான். ராணிக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஆள் வேண்டும். தங்கள் வீட்டுப் பெண்ணை மேடையேற்ற அவர்களுக்கு மானம் தடுக்கும். என்னை ஏற்றத் தடுக்காது. கல்லாவியிலிருந்து பஸ் பிடித்துப் போய், பகலில் ஒரே ஒரு ஒத்திகை பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ராணியாகிவிடுவேன். ஜவளகிரிப் பக்கம் போனால் கன்னடத்திலும் பாடுவேன். ஆண்பிள்ளைகள் எப்படியும் மறப்பார்கள் என்று அவர்கள் வசனத்தையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணி வைத்திருப்பேன்.

அந்த வருஷம் நாகரசம்பட்டிக்கு அப்பால் ஒரு ஊர். மாந்தோப்புக்காரர் மகன்தான் ராஜா. ஒத்திகையில் நான் “நாதா” என்று வாயெடுத்ததுதான் தாமதம், அவனுடைய தாய்மாமன் எழுந்து வந்துவிட்டார்.

“நிறுத்தும்மா. எம் பொண்ணை அவனுக்கு நிச்சயம் பண்ணியிருக்குது. கூத்தாடற வாயால அவனை நாதான்னு கூப்பிட்டா ஆவாது.”

“ராணி ராஜாவை வேற எப்படிங்க கூப்பிடுவா?”

“ஐயான்னு கூப்பிடேன். களையெடுக்க வர்றவளுங்க கூப்பிடறதில்லையா?”

மூன்று மாதமாக ஊர்ப் பையன்களுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்த நாடக வாத்தியார், குனிந்து ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். கிளம்பினால் திமிர் பிடித்தவள் என்று பேராகிவிடும். அப்புறம் சுற்றுப்பட்டில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் வேஷத்தை நம்பித்தான் சாப்பிட்டார்கள். தலையாட்டினேன்.

மேடையில் பட்டும் கிரீடமுமாக நின்று “ஐயா” என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ராஜாவுக்கு வசனம் மறந்துபோயிற்று.

“எடுத்துக் குடு அக்கா,” என்று முணுமுணுத்தான்.

நான் கொடுக்கவில்லை. உடனே முன்வரிசையிலிருந்து தாய்மாமன் குரல் வந்தது: “பொம்பளைக்குப் பாடம் வரலைடோய்!”

எனக்கா பாடம் வரவில்லை? அவன் வசனத்தை அவன் குரலிலேயே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நானே சொன்னேன். பிறகு ராணியாகத் திரும்பி, “ஐயா” என்று பதிலும் சொன்னேன். முடிகிற வரை அப்படித்தான் நடந்தது. ராஜா அட்டைக் கத்தியைப் பிடித்தபடி நின்றான். மறுநாள் ஊரார் மாலை போட்டது அவனுக்கு.

அடுத்த வருஷம் வாத்தியாரே வீடு தேடி வந்தார்.

“அதே ராஜாதாம்மா. ஆனா இந்தத் தடவை நீ தாராளமா நாதான்னே கூப்பிடலாமாம். பையனுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே.”

“எனக்கு இன்னும் ஆவலைன்னு போய்ச் சொல்லுங்க,” என்று கதவைச் சாத்தினேன்.