மீன்குளத்துக் கொக்குகள்

நான், என் மனைவி மங்களம், அவள் தம்பி சேகர். ஈப்போவிலிருந்து லூமுட் போகும் வழியில், பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய குளத்தருகே காரை நிறுத்தியிருக்கிறோம். பங்குனியில் வடக்கே திரும்பும் கொக்குகள் இங்கே இறங்கும் என்று சேகர்தான் கூட்டி வந்திருக்கிறான்.

கரையெல்லாம் வெள்ளைக் கொக்குகள். முதுகுத் தூவி காற்றில் அலைகிறது.

"எவ்ளோ பொறுமையா நிக்குது பாரு மச்சான். உங்கக்காவும் இப்படி இருந்தா வீடு அமைதியா இருக்கும்லா" என்கிறேன். மங்களம் என் கையிலிருந்த பைனாகுலரைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார். குளத்தில் மீன் வளர்ப்பவர்.

"கிட்டப் போனா பறந்துருமாண்ணே?" என்று மங்களம் கேட்கிறாள்.

"போங்கக்கா, பறக்காது. செத்தது. நான்தான் கம்புல கட்டி வச்சிருக்கேன். இதப் பாத்தா மத்தது பயப்படும்லா."

"பாவமா இல்லையா?"

"மீன்குஞ்சு பூரா அது தின்னுட்டா, என் பிள்ளைங்க எதத் தின்னும்?"

அவர் தகர டின்னைத் தட்டுகிறார். உயிருள்ள சில கொக்குகள் எழும்பி மலைப்பக்கம் போகின்றன. மற்றவை தூவி அலைய அப்படியே நிற்கின்றன.

நிற்பவற்றை மங்களம் விரல் நீட்டி எண்ணுகிறாள்.

பதினொன்று.