கவர் படத்தின் கீழே ஒரு பெயர்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் ஆல்பம் டிசைனர் பாலு. எங்கள் தொழிலில் படம் எடுக்கிறவன் ஒருவன், ஆல்பம் ஆக்குகிறவன் ஒருவன். கடைசியாகக் கை வைக்கிறவன் பெயர்தான் நிற்கும். பத்து வருடத்துக்கு முன் நான் எடுத்த கல்யாணப் படம் ஒன்றைத் தன் கடை வாசலில் பெரிதாக மாட்டி, கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டான். கேமரா தூக்கிப் பிழைக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு பாலு இருப்பான். ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். ஒரே ஒரு நல்ல படத்தின் கீழே என் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அகரத்து வீடு

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தவர்தான் ஜோசப். டான்சானியாக்காரர், இங்கே கல்லூரியில் படித்தார். அவரும் அவர் நாட்டுக்காரர்கள் நாலு பேரும் பக்கத்து ஊரான அகரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தங்கள் பாஷையில் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடினார்கள். கம்பெனி எதுவும் பின்னால் கிடையாது. "வந்து படம் எடுங்கண்ணே" என்றார். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் போனேன். நான் அவர்களுக்கு அண்ணே. பெயரை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் கேமரா திரையில் பார்த்தால் வெள்ளைச் சட்டை இருக்கிறது, கறுத்த முகத்தைக் காணோம். பட்டுப்புடவைக்கும் பவுடர் முகத்துக்கும் கேமராவைத் திருப்பியே பழகிய கை. அவர்களைச் சன்னல் பக்கம் நகர்த்தி, முகத்தில் வெளிச்சம் திரும்ப தெர்மகோல் அட்டையைப் பிடிக்க வைத்து, ஒரு மணி நேரம் போராடினேன். அட்டை பிடித்தவர் வீட்டுக்காரர் முத்தையா, பூ விவசாயி. கை கடுத்துப்போய்ச் சொன்னார்: "ஏப்பா, கல்யாண வீட்டுல நீ இம்புட்டு நேரம் எடுத்தா முகூர்த்தம் தப்பிப் போயிரும்ல."

கரண்ட் போன மண்டபம்

வேடசந்தூரில் ஜோசப்போடு படித்த ஒருவருடைய அண்ணனின் கல்யாண ரிசப்ஷன். மேடையில் இவர்கள் பாட்டு. வந்தவர்கள் பாதிப்பேர் மில் ஆட்கள். சினிமாப் பாட்டு கேட்டுச் சத்தம் போடுவார்களோ என்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் பாட்டு பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரரைக் காணோம். என் ஃபிளாஷ் பேட்டரியும் செத்துவிட்டது.

ஐந்து பேரும் ஒரு மேளத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் சமையல் கட்டுக்குப் போனார்கள். பெரிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் நின்று பாட ஆரம்பித்தார்கள். கூட்டம் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டது. அடுப்புத் தீயை மட்டும் நம்பி ஒரே ஒரு படம் எடுத்தேன். கலங்கியதா இல்லையா என்று கேமராவின் சின்னத் திரையில் தெரியவில்லை. சமையல் மாஸ்டர் பாண்டி பக்கத்தில் வந்து சொன்னார்: "பாட்டு ஒண்ணும் வெளங்கல அப்பு, ஆனா சாம்பார்ல கரண்டி தானா சுத்துது."

பாலு வெளுத்தது

படம் கலங்கவில்லை. ஜோசப் அதையே தங்கள் பாட்டுத் தொகுப்புக்குக் கவராக வைப்பதாகச் சொன்னார். கூலி வேண்டாம், கீழே என் பெயர் இருந்தால் போதும் என்று சொல்ல நினைத்தேன்; கூச்சத்தில் சொல்லவில்லை. பாலுவிடம்தான் சொன்னேன். கவரில் எழுத்துப் போடத் தெரிந்தவன் அவன்தான், கேமரா கார்டை அவனிடம் கொடுத்தேன்.

பெண் வீட்டார் கேட்காமலே மணப்பெண் முகத்தை வெளுப்பாக்குவது நம் கடைகளில் வழக்கம். பாலு கை அதே பழக்கத்தில் ஐந்து முகத்தையும் வெளுத்துவிட்டது. சரிபார்க்காமல் பிரிண்டைக் கொடுத்தேன். ஜோசப் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, பாட்டு என்னோடது. இந்த மூஞ்சி யாரோடது?"

அரிசி டப்பா

படிப்பு முடிந்து ஊர் திரும்ப இரண்டு நாளில் அவருக்கு விமானம். பாலு கடைக்கு ஓடினேன். "கார்டை அழிச்சாச்சுண்ணே. அடுத்த முகூர்த்தம் வந்துருச்சுல்ல" என்றான். அந்தக் கடை வாசல் படத்துக்குப் பிறகு, பாலுவிடம் போகும் எதையும் இன்னொரு கார்டில் நகல் எடுத்து, ஈரம் படாமல் இருக்க வீட்டு அரிசி டப்பாவில் போட்டுவைப்பேன். அந்தக் கார்டு திறக்குமோ திறக்காதோ என்று வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். என் மனைவி டப்பாவில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே சொன்னாள்: "அவன் மேல நீங்க வச்சிருக்க கோவத்துல, அரிசி அளக்கையில படியில கார்டும்ல சேந்து வருது."

திறந்தது. மறுபடி பாலு பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து முகத்தை விட்டும் கண்ணை எடுக்காமல் காவல் இருந்தேன். ஜோசப் ஏர்போர்ட் பஸ் ஏறுகிற நேரத்தில்தான் கவரை அவர் போனுக்கு அனுப்ப முடிந்தது. பாலு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கேட்டான்: "இன்னமும் என்னைய நம்ப மாட்டியாண்ணே?"

வாய்ஸ் மெசேஜ்

ஒரு மாதம் கழித்து ஜோசப் குரல் போனில் வந்தது. பின்னால் மேளம், சிரிப்பு. கவரில் முகமெல்லாம் அவரவர் முகமாகவே இருந்தது என்றார். அப்புறம் சொன்னார்: "இத்தனை நாளா ஒங்க பேரே கேக்காம இருந்துட்டேன், கவர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ரொம்ப நன்றி, பாலு அண்ணே."

நான் இன்னும் அவருக்குத் திருத்திச் சொல்லவில்லை. பெயரை எடுத்தவன்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தினமும் பாலு கடை வழியாகத்தான் போய்வருகிறேன்.