வாய் திறக்காத பந்தயம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணல்மாணலாக வரும். ஞாபகமும் முன்போல இல்லை, முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளை வெகுதூரம் காரில் கூட்டிப் போகும்போது அலுப்புத் தெரியாமல் வைத்திருப்பது எப்படி என்று பேத்தி கேட்டாள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் சொல்வதென்றால் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் பெரிய அண்டா மாதிரி ஒரு உலை இருக்கும். அதில் கரியைக் கொட்டி, கனல வைத்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுவார்கள். இராஜபாளையத்தில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் போவதற்குள் எங்கே எத்தனை தடவை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பில் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் லீவு இல்லை. மூன்று பிள்ளைகளோடு நான் தனியாகப் புறப்பட்டேன். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவளுக்கு ஐந்து, மடியில் ஆறு மாதத்துப் பையன். "ஜெபம் பண்ணிட்டு ஏறு. பிள்ளையள கைய விட்டுறாத" என்று மாமியார் சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தின தடவை போனபோது இரண்டு பெண்களும் வழியெல்லாம் கத்தினார்கள். குடை வைத்திருந்த ஒருத்தர் திரும்பி, "ஏம்மா, இது பஸ்ஸா, காக்காக் கூடா?" என்று கேட்டு, பஸ் முழுக்கச் சிரித்தது. ஆம்பிளைகள் முன்னால் முகத்தைத் தூக்கவே கூசுகிறவள் நான். அந்த வெட்கத்தில்தான் இந்தத் தடவை ஒரு பந்தயம் வைத்தேன்.

"ஏட்டி, ரெண்டு பேரும் கேளுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணுல படுற வரைக்கும் எவ வாயத் திறக்காம இருக்காளோ, அவளுக்குத்தான் அம்புட்டு கருப்பட்டி மிட்டாயும்."

"தும்மலாமா?" என்றாள் இளையவள்.

"தும்மிக்கோ."

"அழுக வந்தா?"

"சத்தம் வராம அழுதுக்கோ."

சொன்னது நான்தான்.

இருவரும் ஊமைகள் மாதிரி உட்கார்ந்து வந்தார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பாதி வழியில், ஒரு கண்மாய்க் கரைப் பக்கம், பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. உலையைக் கிளறிக் கரி போட வேண்டும் என்று ஆம்பிளைகளை எல்லாம் இறங்கச் சொன்னார்கள். பையன் துணியை நனைத்துவிட்டான். என் பெண்கள் இரண்டு பேரையும் ஸீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு புளியமர மறைவுக்குப் போனேன். துணி மாற்றி முடிப்பதற்குள் கண்டக்டர், "ஏறுங்க, ஏறுங்க, இப்ப விட்டா பொறவு கெளம்பாது!" என்று விரட்டினார். ஓடி வந்து ஏறினேன். ஸீட்டில் மூத்தவள் மட்டும் இருந்தாள்.

"தங்கச்சி எங்கட்டி?"

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு பின்பக்கம் கையைக் காட்டினாள். பின் ஸீட்டில் பெண்கள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து இருந்தார்கள். அவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அத்தனை பேர் நடுவில் குரல் எழும்பவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் தலை தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்த வளையல் விற்கிற பாய் வீட்டு அம்மாவின் கையைப் பிடித்து, "எம்பிள்ளயக் காணல" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"அட, வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லேம்மா!" என்று அதட்டிவிட்டு அந்த அம்மா எழுந்து கத்தினார். "ஏலே, நிப்பாட்டுங்கலே வண்டிய! பச்சப் பிள்ளய விட்டுட்டு வந்திருக்கோம்!"

இறங்கி ஓடினேன். இடுப்பில் பையன், கையில் மூத்தவள். நாலைந்து ஆம்பிளைகளும் கூட வந்தார்கள். அந்தப் புளியமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வைக்கோல் வண்டி அவிழ்த்துவிட்டுக் கிடந்தது. மாட்டையும் காணோம், வண்டிக்காரரையும் காணோம். "பாப்பா! ஏ பாப்பா!" என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டார்கள். எந்தச் சத்தமும் இல்லை. தை மாதம். கண்மாய் நிறையத் தண்ணீர். ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். அவர் இடுப்பளவு போகும் வரைக்கும் பார்த்தேன், அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. ஜெபம் பண்ண வாயெடுத்தால் 'கர்த்தாவே' என்பதற்கு அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை.

மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். "வாயத் திறந்து சொல்லுட்டி! எங்க போனா?"

"ஒண்ணுக்குப் போணும்னு சாடை காட்டிட்டு இறங்குனாம்மா" என்றாள். உடனே தேம்பிக்கொண்டு, "நான் தோத்துட்டனா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் இப்படியென்றால் இளையவள் என்ன செய்வாள்? தோற்பதென்றால் உயிரை விடுகிறவள் அவள். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டாள். கண்மாய்க் கரையில் நின்று, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், தொண்டை கிழியக் கத்தினேன்.

"கோபுரம் தெரிஞ்சிருச்சு! பந்தயம் முடிஞ்சது! நீதாண்டி ஜெயிச்ச!"

வைக்கோல் வண்டிக்குக் கீழே, தொங்கிய வைக்கோலை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். இரண்டு கையும் வாயைப் பொத்தியபடி இருந்தன. கண்ணீர் கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது. பஸ் போனதைப் பார்த்திருக்கிறாள். முகம் தெரியாத ஆட்கள் தேடி வந்ததும் பயந்து உள்ளே ஒண்டியிருக்கிறாள். அவ்வளவுக்கும் ஒரு சத்தம் போடவில்லை.

வாயிலிருந்து கையை எடுத்து, என்னைக் கட்டிக்கொண்டு அவள் கேட்டது, "கோபுரம் எங்கம்மா? பொய்தானே சொன்ன?"

கண்மாயில் இறங்கியவர் கரையில் உட்கார்ந்து சிரித்தார். பஸ் எங்களுக்காகக் காத்து நின்றது. பஸ்ஸில் ஏறின பிறகு, "இனிமே ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வரணும். வழியில பாக்குறத எல்லாம் சத்தமாச் சொல்லணும். நிறுத்துனவ தோத்தா" என்றேன். குடையும் காக்காயும் அதற்கப்புறம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேத்திக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான்: கத்தட்டும், விடு. சத்தம் நின்றால் திரும்பிப் பார்.

அது வைக்கோல் இல்லை, சோளத்தட்டை என்கிறாள் இளையவள். கண்மாய் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதும் எனக்கு இப்போது குழம்புகிறது. மூத்தவள் ஞாபகக்காரி. யாராவது அவளுக்கு இதை ஒரு தடவை படித்துக்காட்டி, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.