அம்மாவுக்கு வாசித்த பிரெஞ்சுக்காரர்கள்

இன்று யாழ்ப்பாணத்தில் அம்மாவின் இறுதிச் சடங்கு. விசா இல்லாததால் என்னால் போக முடியவில்லை. பெர்லினில், நொய்கெல்ன் பகுதியில் உள்ள என் அறையிலிருந்து கைபேசியில் பார்த்தேன். பறைமேளம் தொடங்கும்போது இணைப்பு அறுந்துவிட்டது.

அறைக்குள் இருக்க முடியாமல் தெருவுக்கு வந்தேன்.

அங்கே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பிரெஞ்சுக் கூட்டம் ட்ரம்பெட் ஊதி, மேளம் அடித்து ஆடிக்கொண்டிருந்தது. பிரான்சில் இப்படித் தெருவில் வாசிக்கும் குழுக்கள் நிறைய உண்டாம். எனக்கு இன்றுதான் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

மேளம் அடித்த பெண் ஓடிவந்து, அரைகுறை ஜெர்மனில் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் போய் மற்றவர்களிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒன்றை வாசிக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரம் சுடலையிலிருந்து அண்ணை அழைத்தார்.

"என்னடி அங்கை மேளச் சத்தம்?"

"அம்மாவுக்குத்தான் அண்ணை. இஞ்சை தெருவிலை வாசிக்கினம்."

"போனைக் கிட்டப் பிடி. இன்னும் கொள்ளி வைக்கேல்லை. நான் அம்மாவின்ரை காதடியிலை வைக்கிறன்" என்றார்.

வாசித்து முடித்தவர்களிடம் நன்றி சொல்ல "மெர்சி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் அதுதான். இதற்கு அது காணாது. அதைவிடப் பெரிய சொல் ஏதாவது இருந்தால், பாரிஸில் இருப்பவர்களே, சொல்லித் தாருங்கள்.