ஊஞ்சலோடு வந்தவள்

கன்னையா பொய் சொல்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நடந்ததைக் கேட்டவர்கள் எல்லாம் அவனைத்தான் புளுகன் என்று ஏசினார்கள். மலாயாவில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கொட்டகையில் எஞ்சினுக்குக் கரி அள்ளிக் கொட்டுகிறவனுக்குப் பொய் சொல்ல நேரம் ஏது? அவன் ஒரு படம் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். மிச்சத்தை அந்தப் படமே பார்த்துக்கொண்டது.

கலியாணமான இரண்டாம் மாதமே பெண்டாட்டி வீரம்மாவை மன்னார்குடிப் பக்கத்தில் அவள் அப்பன் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன் அவன். நாலு வருஷமாக இங்கிருந்து மணியார்டர் தவறாமல் போயிற்று. அங்கிருந்து பெண்டாட்டிதான் வந்தபாடில்லை. மாமனார் வையாபுரி லேசுப்பட்ட மனிதர் அல்ல. "ஒழுங்கா ஒரு வீடுன்னு இல்லாம எம் பொண்ணை அனுப்ப மாட்டேன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்லுவார். கன்னையாவுக்கு இருந்ததோ ரயில்வே லயத்து வரிசை வீட்டில் ஒரே ஓர் அறை. கையை விரித்துப் படுத்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். வாடகை கிடையாது என்பது ஒன்றுதான் அந்த அறையைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை.

அக்கரைக்கு வந்தவன் ஊருக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். கரி படிந்த சிலுவார்க் காற்சட்டையுடன் நின்று எடுத்த படத்தை எவனாவது மாமனாருக்கு அனுப்புவானா? ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணனிடம் கோட்டையும் கைக்கடிகாரத்தையும் இரவல் வாங்கிக்கொண்டு கன்னையா கிள்ளானுக்கு ரயிலேறினான். அங்கே படக்கடைச் சீன முதலாளியான தவுக்கே அவனை நிறுத்தி வைத்து, பின்னால் சுருட்டிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து விட்டார். துணி நிறைய ஆறு தூண்கள், பளிங்குப் படிக்கட்டு, எட்டத்தில் ஒரு குளம், குளத்தில் ஓர் அன்னம். கன்னையா ஒரு தூணில் சாய்ந்தமாதிரி நின்றான். உண்மையிலேயே சாய்ந்திருந்தால் துணியோடு விழுந்திருப்பான்.

ஊரிலிருந்து பதில் பறந்து வந்தது. "மாப்பிள்ளை வீட்டைப் படத்தில் கண்டோம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வீரம்மாவை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன்." கன்னையா காகிதத்தை எடுத்தான். உண்மையை எழுதிவிடத்தான் உட்கார்ந்தான். ஆனால் நாலு வருஷம் தனியாகப் பொங்கித் தின்ற கை அந்த ஒரு வரியை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் "வீட்டில் அனைவரும் நலம்" என்று எழுதித் தபாலில் போட்டான். வீட்டில் அவனைவிட்டால் வேறு யார் இருந்தார்கள்? போகட்டும்.

போர்ட் சுவெட்டன்ஹாமில், கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வீரம்மா வெளியே வந்தாள். முன்பைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். கன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவளுக்குப் பின்னால் இரண்டு கூலிகள் பாடை தூக்குகிறவர்களைப்போல எதையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"இது என்னா புள்ள?"

"ஊஞ்சப் பலவை. அப்பா உங்க படத்தை வெளிச்சத்துல வச்சு வச்சுப் பாத்துச்சு. தூணு இருக்கு, படி இருக்கு, ஊஞ்சலு ஒண்ணுதான் காணோம், எம் பொண்ணு வெறுந்தரையிலயா உக்காரும்னு கொல்லையில நின்ன பலா மரத்தை வெட்டிப்புடுச்சு. சங்கிலி பொட்டிக்குள்ள இருக்கு. கப்பல்ல எல்லாரும் ஈரத்துல கெடந்தாங்க, நான் மட்டும் இதுல படுத்து வந்தேன்ல!"

ரயிலில் வழியெல்லாம் கேள்விதான். தூணுக்கெல்லாம் யார் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்? அன்னத்துக்குத் தீனி என்ன? படிக்கட்டு வழுக்காதா? கன்னையா, "கிள்ளான் வந்துடுச்சு பாரு" என்றான். கிள்ளான் போனபிறகு காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் ரப்பர் தோட்டத்துக் கித்தா மரங்களைக் காட்டினான். அவற்றையும் எத்தனை தரம்தான் காட்டலாம்!

பிறகு அவள் முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். "திரும்பி வரதுக்குக் கப்பல் காசு. அப்பா தனியா முடிஞ்சு குடுத்துச்சு. அங்க ஒண்ணும் சரியில்லேன்னா ஒரு நாளும் தங்காதே, அடுத்த கப்பல்லயே ஏறி வந்துடுன்னுச்சு. அப்பாவுக்குப் பைத்தியம். அவ்வளவு பெரிய வீட்டைப் பாத்துமா இப்படி!"

கன்னையா ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் கித்தா மரத்தைக் காட்டினான்.

லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பலகையைச் சாய்த்து, நிமிர்த்தி, கோணலாகத் திருப்பி எப்படியோ அறைக்குள் கொண்டுபோனார்கள். போனபிறகு கதவைச் சாத்த முடியவில்லை. வீரம்மா வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இது யாரு வீடு? நம்ம வீட்டுக்கு எப்பங்க போறோம்?"

"இதாம் புள்ள நம்ம வீடு."

"அப்ப தூணு?"

"அது துணி."

"என்னாது?"

"துணியில வரைஞ்சது. கிள்ளான்ல தவுக்கே கடையில இருக்கு. கோட்டும் கிராணியோடது."

வீரம்மா பலகையை ஒரு தரம், சுவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். லயத்தில் அத்தனை கதவும் திறந்துகொண்டன. கிராணியின் கோட்டிலிருந்து தவுக்கேயின் அன்னம் வரை ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. எல்லாம் ஓய்ந்தபின், "அடுத்த கப்பல் எப்ப?" என்று கேட்டாள். கன்னையா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த மாசம்" என்றான்.

அந்த நேரத்தில் சாமி மாதிரி வந்தவள் பக்கத்து அறை வள்ளியம்மா. மலாயாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆனவள், ஊருக்குப் போகாதவள். வெற்றிலையை மென்றுகொண்டே, "போறதுன்னா போலாம், தங்கச்சி. யாரு புடிச்சு வச்சா? ஆனா வெறுங்கையோடயா போய் எறங்குவ?" என்றாள்.

வீரம்மாவுக்குச் சுருக்கென்றது. அக்கரையிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்குகிறவர்களை ஊர் என்ன பேசும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே பேசியிருக்கிறாள். அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை, அண்ணிக்குச் சப்பான் சீட்டித் துணி, பிள்ளைகளுக்கு பிஸ்கட்டு டின், அடுத்த வீட்டாருக்குச் சோப்பாவது. இதெல்லாம் இல்லாமல் தெருவில் கால் வைக்க முடியுமா? கப்பல் காசைத் தொட்டால் கப்பல் ஏற முடியாது. கன்னையாவின் சம்பளமோ அரிசிக்கும் மணியார்டருக்கும் சரியாகப் போய்விடும்.

ஆகவே தங்கினாள். சாமான் வாங்குகிற வரைக்கும்தான் என்று லயம் முழுவதும் கேட்கச் சொன்னாள்.

பலகையைக் கூரை இறக்கத்தின் கீழ் இரண்டு பழைய தண்டவாளக் கட்டைமேல் கிடத்தினார்கள். வேலை முடிந்து வந்த ஆம்பிளைகள் ஒவ்வொருவராக அதில் குந்திக்கொண்டார்கள். "எங்கப்பா மரத்தை வெட்டுனது உங்களுக்கு ஒக்காரவா?" என்று வீரம்மா விரட்டினாள். எழுந்தவன் மறுநாளும் வந்து உட்கார்ந்தான். வள்ளியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒக்கார எடம் இருக்கு, ஆளும் இருக்கு. எல்லாம் தனிக்கட்டைங்க. காலையில வெறும் கோப்பியைக் குடிச்சிட்டு ஓடுறானுங்க. பசியாற ஏதாச்சும் போடேன்" என்றாள்.

வள்ளியம்மாவின் ஆட்டுக்கல்லையே இரவல் வாங்கி வீரம்மா மாவு ஆட்டினாள். கன்னையா, "ஒண்ணு வாங்கித் தரட்டா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"போறவளுக்கு எதுக்குங்க ஆட்டுக்கல்லு?" என்று வெட்டிவிட்டாள்.

அவள் இட்லிக்கு லயமே அடிமையாயிற்று. கிராணி ராதாகிருஷ்ணன்கூடக் கோட்டோடு வந்து பலகையில் உட்கார்ந்தார். அந்தக் கோட்டைக் கண்டால் மட்டும் வீரம்மா சட்னியைக் குறைத்துப் போடுவாள். காசு சேர்ந்தது. ஒரு தகரப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் வேட்டி, சேலை, சீட்டி, பிஸ்கட்டு எல்லாம் வந்தன. கப்பலும் வந்துவிட்டது.

"சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று முந்தானை முடிச்சில் கை வைத்தாள் வீரம்மா.

கன்னையா கையிலெடுத்த இட்லியைத் தட்டிலேயே போட்டான். என்ன சொல்லித் தடுப்பது? இருந்துவிடு என்று அவன் எந்த முகத்தோடு கேட்பான்? வாயில் வந்ததைச் சொன்னான். "உங்க சின்னாயி மவ புருசன் இருக்காரே, அவருக்கு ஒண்ணும் வாங்கலியா?"

வீரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ! அந்த ஆளு வாயி! அவருக்கு இல்லாமப் போனா ஊரைக் கூட்டிப்புடுவாரே!"

அந்தக் கப்பல் அவளில்லாமல் போயிற்று. அன்றைக்குக் கொட்டகையில் கன்னையா பாட்டுப் பாடிக்கொண்டே கரி அள்ளினான்.

அப்புறம் அவனுக்கு அதுவே தொழிலாகிவிட்டது. பெண்டாட்டி சொந்தத்தின்மேல் அவ்வளவு அக்கறை வைத்த மாப்பிள்ளை மலாயா முழுவதும் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டான். மன்னார்குடிப் பக்கத்து ஆள் எவனாவது கொட்டகைக்கு வந்தால் போதும், மாமனார் ஊரில் யார் யாருக்கு யார் என்ன முறை என்று துருவித் துருவிக் கேட்பான். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சொந்தம். அத்தை, அத்தையின் நாத்தனார், மாமனாரோடு பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி. "பேசாட்டி என்னா புள்ள, பொருளு குடுத்தாப் பேசிடுவாரு" என்பான். இதற்குள் முதலில் வாங்கிய பிஸ்கட்டு நமுத்துப்போக, அதை இருவரும் சேர்ந்து தின்று தீர்த்தார்கள். புதிதாக வாங்க இன்னொரு மாதம் ஆயிற்று. இரண்டாவது பெட்டி வந்தது, மூன்றாவதும் வந்தது. பெட்டிகள் அறையை அடைத்துக்கொண்டதில் கன்னையா வெளியே பலகையில்தான் பாதி நாள் படுத்தான்.

ஆனாலும் ஒவ்வொரு கப்பலுக்கும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. காலையில் மாவாட்டும் சத்தம் கேட்டால்தான் கண் விழிக்கப் பிடித்தது. வேலை விட்டு வருகையில் அவள் யாரையாவது ஏசும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிட்டால் நிம்மதியாக இருந்தது. போகாதே என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஏமாற்றிக் கூட்டிவந்தவன் எந்த உரிமையில் சொல்வான்?

இப்படி ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. சொந்தம் என்ன கடல் தண்ணியா, அள்ள அள்ள வர? ஒரு நாள் தீர்ந்துபோயிற்று.

அன்று காலைப் பசியாறல் முடிந்து ஆட்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பலகையில் கன்னையா மட்டும் தட்டோடு உட்கார்ந்திருந்தான். வள்ளியம்மா தன் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். வீரம்மா மூன்று பெட்டியையும் பூட்டிவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"வெள்ளிக்கிழமை கப்பலாம். எல்லாருக்கும் வாங்கியாச்சு. யாராச்சும் விட்டுப்போச்சா?"

கன்னையா யோசித்தான். அத்தை முடிந்தது. பங்காளி முடிந்தது. ஊர்த் தலையாரிக்கும் வண்ணாத்திக்கும்கூட வாங்கியாயிற்று. ஒருவரும் அகப்படவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் வீரம்மா.

"உங்க... உங்க கோவிந்தப் பெரியப்பா?"

சொன்னபிறகுதான் அவனுக்கு உறைத்தது. கோவிந்தப் பெரியப்பா அவர்கள் கலியாணமான அடுத்த மாதமே செத்துப்போனவர். புது மாப்பிள்ளையாகப் போய் அவருக்குக் கொள்ளிக்குடம் வாங்கி வந்ததே கன்னையாதான். கருமாதிப் பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவனும் அவனேதான். பாயசம் ஊற்றியவள் வீரம்மா.

வள்ளியம்மாவுக்கு இந்தச் சேதியெல்லாம் வீரம்மா மாவாட்டும்போது பேசிய பேச்சிலேயே வந்து சேர்ந்திருந்தது. வெற்றிலை மடிக்கிற கை அப்படியே நின்றது.

வீரம்மா அவனை உற்றுப் பார்த்தாள். கன்னையா தட்டைப் பார்த்தான். தட்டில் ஒன்றும் இல்லை. அவள் வாயைத் திறக்கப் போகிறாள், லயத்துக் கதவெல்லாம் மறுபடி திறக்கப் போகின்றன என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"ஆமால்ல" என்றாள் வீரம்மா. "அவரை மறந்தே போயிட்டேன் பாருங்க."

கன்னையா நிமிர்ந்தான்.

"பாவம், வெயிலு தாங்க மாட்டாரு. அவருக்கு ஒரு கொடை வாங்கணும்."

"சாதாக் கொடையா புள்ள?" குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"சாதாக் கொடை அவருக்கு ஆவாது. பட்டுக் கொடை, வெள்ளிப்பூண் போட்டது. அதுக்குக் காசு சேரணும்னா ரொம்ப வருசமாவும்."

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு வருஷமாக அவிழாத முடிச்சு லேசில் விடவில்லை. அவிழ்த்து, கப்பல் காசை அப்படியே எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"பாசாருக்குப் போயி ஒரு ஆட்டுக்கல்லு வாங்கியாங்க. எத்தினி நாளைக்கு அக்கா கல்லுலயே ஆட்டுறது? தேஞ்சுபோச்சு, பாவம்."

வள்ளியம்மா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கன்னையாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டில் எதையும் பெண்டாட்டிக்குக் காட்டத் தெரியாமல், கைகூடக் கழுவாமல் எழுந்து ஓடினான். லயத்து முனை திரும்பும்போது அவள் குரல் விரட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க! தொட்டுப் பாத்து வாங்குங்க! துணியில வரைஞ்ச கல்லை வாங்கிட்டு வந்துடாதீங்க!"